பொன்னியின் செல்வனோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு

கல்கியின் சோழர் கால நாவலில் வந்தியத்தேவன் என்ற வீரன் குதிரையில் போன வழியில் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாத பொன்னியின் செல்வன் வாசகரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆசைப்பட்டவர்களில் கிளம்பியவர்கள் குறைவு. கிளம்பியவர்களில் பாதிப் பேர் பூட்டிய கோயில் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருத்திதான்.

முதல் தடவை மே மாதத்தில் தனியாகப் போனேன். வீராணம் ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. காட்டுமன்னார்கோயிலில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டேகால், நடை சாத்திவிட்டார்கள். கோடியக்கரையில் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு, மீன் ஏற்றிய மினி வேனில் வேதாரண்யம் வந்து சேர்ந்தேன். இரண்டாவது தடவை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஜனவரியில் போனேன். அது நன்றாகவே அமைந்தது. இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதைச் சேர்த்து எழுதுகிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

1. எந்த ஆளாகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்த நாவலில் பைத்தியமானவர்கள் இரண்டு வகை. ஒருவர் படிக்கிறவர். கல்கி சொன்ன கோயில் நிஜமாக எங்கே இருக்கிறது, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், குதிரையில் ஒரே நாளில் போக முடியுமா என்று நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்ப்பார். இன்னொருவர் ரசிகர். அவருக்குக் கணக்கெல்லாம் வேண்டாம். பூங்குழலி நின்ற கடற்கரையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குள் இரண்டு பேரும் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். பயணத் திட்டம் போடும்போதுதான் அவர்களுக்குள் சண்டை வருகிறது.

நான் ஏழு தடவை படித்தவள். அக்கா மகன் படம் மட்டும் பார்த்தவன், அதை நான்கு தடவை பார்த்தவன். நான் அத்தியாய வரிசைப்படி போக வேண்டும் என்றேன். அவனோ, "சித்தி, நேரா கோடியக்கரை போயிடலாமே?" என்றான்.

இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அத்தியாய வரிசை என்றால் வீராணத்தில் தொடங்கி கடம்பூர், குடந்தை (கும்பகோணம்), திருவையாறு, தஞ்சை, பழையாறை, கோடியக்கரை. குறைந்தது நான்கு நாள் வேண்டும். பாத்திரத்தை வைத்துப் போவதானால் இரண்டு நாளில் முடிக்கலாம். பூங்குழலிக்குக் கோடியக்கரை, குந்தவைக்குப் பழையாறை, பழுவேட்டரையருக்கு அரியலூர்ப் பக்கத்துக் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும். இரண்டையும் ஒரே பயணத்தில் கலந்தால் பாதி நேரம் காரிலேயே போய்விடும்.

நாவலையும் படிக்காமல், படத்தையும் பார்க்காமல், "சும்மா நானும் வர்றேன்" என்று ஒட்டிக்கொள்கிறவர்களைத் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். மூன்றாவது கோயிலில் அவருக்குப் பசிக்கும்.

2. புத்தகத்தைச் சரிபாருங்கள்

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அதனால் ஏகப்பட்ட பதிப்பகங்கள் போடுகின்றன. விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. மலிவுப் பதிப்பு வாங்குவதில் தப்பில்லை, சுருக்கப் பதிப்பை வாங்கிவிடக் கூடாது. சில பதிப்புகளில் ‘சுருக்கம்’ என்ற சொல் உள்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் பாகமான ‘புது வெள்ளம்’ 57 அத்தியாயம் இருக்க வேண்டும். ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகரம்’ 91 அத்தியாயம். குறைந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து பாகத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் தடவை அப்படிச் செய்து தோள்பட்டை வலியோடு வந்தேன். முதல் இரண்டு பாகம் போதும். மற்றதற்கு மதுரைத் திட்டத்தின் இலவச மின்பதிப்பைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் தேடும் வசதி இருப்பதுதான் பெரிய லாபம். ‘பள்ளிப்படை’ (இறந்த அரசனுக்கு எழுப்பிய சமாதிக் கோயில்) என்று தட்டினால் எந்தெந்த அத்தியாயத்தில் வருகிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அச்சுப் புத்தகத்தில் அதற்கு ஒரு ராத்திரி ஆகும். (அந்த ராத்திரியும் நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.)

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஊர், அத்தியாயம், இன்று அங்கே என்ன இருக்கிறது. மூன்றாவது பத்தியை நிரப்ப ஒரு வாரம் ஆகும். இந்தப் பத்தி காலியாக இருக்கும் ஊருக்குப் பணம் செலவழித்துப் போகாதீர்கள்.

3. நாவல் காலத்தில் இல்லாததைப் பட்டியலிலிருந்து எடுங்கள்

எல்லோரும் விழுகிற பள்ளம் இது. தஞ்சைப் பெரிய கோயில் நாவலில் கிடையாது. ராஜராஜன் (நாவலின் பொன்னியின் செல்வன் அவன்தான்) பட்டத்துக்கு வந்ததே 985இல்தான், கோயில் முடிந்தது 1010இல். கதை அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிடுகிறது. கங்கைகொண்ட சோழபுரம் அவன் மகன் காலத்தது. தாராசுரம் 12ஆம் நூற்றாண்டு. தஞ்சையில் இப்போது நிற்கிற அரண்மனை நாயக்கரும் மராத்தியரும் கட்டியது. அங்கே பழுவேட்டரையரின் நிலவறையைத் தேடினால் யாராவது ஒரு வழிகாட்டி காட்டத்தான் செய்வார். நீங்களும் காசு கொடுப்பீர்கள். வேண்டாம்.

இவை பார்க்கக் கூடாத இடங்கள் என்று சொல்லவில்லை. பெரிய கோயிலுக்குப் போகாமல் தஞ்சையிலிருந்து யார் திரும்புவார்கள்? ஆனால் நேரம் குறைவாக இருந்தால், வந்தியத்தேவன் கண்ணில் பட்டிருக்கக்கூடிய கட்டடங்களை முதலில் பாருங்கள். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் முற்காலச் சோழர் வேலை. பசுபதிகோயில் பக்கத்தில் புள்ளமங்கை கோயில் இருக்கிறது. அந்தச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான், ஆனால் நகர மனசு வராது. இந்த இரண்டும் கதை நடக்கும்போது நின்றுகொண்டிருந்தவை.

படத்தில் வந்த அரண்மனைகளை யாரும் இந்தப் பக்கம் தேட வேண்டாம். தாய்லாந்திலும் ஹைதராபாத்திலும் வட இந்தியக் கோட்டைகளிலும் எடுத்தவை அவை. இதைக் கேட்டதும் அக்கா மகன் முகம் ஒரு மணி நேரம் தொங்கிப்போய் இருந்தது.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரசிகருக்கு ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்றுதான் வீராணம் போக வேண்டும். முதல் அத்தியாயமே ‘ஆடித் திருநாள்’ அல்லவா? அது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வரும். ஆனால் ஏரியில் தண்ணீர் இருக்குமா என்பது மேட்டூரைப் பொறுத்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் அந்தத் தண்ணீர் கொள்ளிடத்தில் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரியில் சேரும். திறக்காத வருஷத்தில் கல்கி வர்ணித்த கடல் போன்ற ஏரியை ஆடியில் எதிர்பார்க்க முடியாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி. சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி என்பதால் நீர்மட்டம் அடிக்கடி செய்தித்தாளில் வரும். 45 அடிக்கு மேல் இருந்தால் கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை கோடியக்கரையைத் தவிருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது அந்தப் பக்கம்தான். நான் சொல்கிற மாதம் ஜனவரியின் பின்பாதி. பொங்கல் கூட்டம் வடிந்திருக்கும், கோடியக்கரையில் பூநாரைகள் இருக்கும், வெயில் தாங்கலாம்.

அறை பதிவு செய்வதற்கு முன்னால் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் லாட்ஜ் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஐப்பசிச் சதயத்தில் தஞ்சாவூரிலும் இதே கதை, அன்று ராஜராஜன் பிறந்த நாள் விழா. ஜனவரியில் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கையில் வேண்டிய ஆவணங்கள்

ஆதார் அசல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஒருவருடையதைக் காட்டி இரண்டு பேருக்கு அறை எடுக்க முடியாது. ரயிலிலும் அதுவே போதும். இரு சக்கர வண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஓட்டுநர் உரிமம். கோடியக்கரை சரணாலயத்துக்கும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கல்வெட்டைப் படம் எடுப்பதுதான் சிக்கல். கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. சின்ன ஊர்க் கோயில்களில் இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்பது ஆளைப் பொறுத்தது. கேட்காமல் படம் எடுத்துவிட்டுப் பிறகு வாதாடாதீர்கள். முதலில் சாமி கும்பிடுங்கள், தட்டில் காசு போடுங்கள். அப்புறம் குருக்களிடம், "வெளிச்சுவர்ல இருக்கற எழுத்தை மட்டும் எடுத்துக்கலாமா சாமி?" என்று கேளுங்கள். எங்களிடம் அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "நீங்களும் யூடியூபா?" இல்லை என்று சொல்லிக் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினோம். சிரித்துவிட்டு விட்டார். மாவு, சுண்ணாம்புக் கட்டி எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள். ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 61ஆம் நாள் தேடிவிட்டு வண்டியே இல்லை என்று பயப்படாதீர்கள்.

6. முதல் நாள்: வீராணமும் காட்டுமன்னார்கோயிலும்

சென்னையிலிருந்து பகல் வண்டியான சோழன் எக்ஸ்பிரஸில் சிதம்பரம் போய் இறங்குங்கள். பெயருக்காகவே அதில் ஏறுகிற ரசிகர்கள் உண்டு, நானும் அப்படி ஏறியவள்தான். காட்டுமன்னார்கோயிலில் தங்க அலைய வேண்டாம், சிதம்பரத்திலேயே அறை எடுத்துவிடுங்கள்.

அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. வண்டி மதியத்தை ஒட்டி வந்து சேரும். அதே வேகத்தில் கிளம்பினால் எல்லாக் கோயிலும் சாத்தியிருக்கும். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பொதுவாக 12 மணிக்குச் சாத்தி 4 மணிக்கு மேல்தான் திறக்கின்றன. சாப்பிட்டு, தூங்கி, 3 மணிக்குப் பஸ் பிடியுங்கள். 25 கிலோமீட்டர் அளவுதான், ஒரு மணி நேரம் ஆகும். பஸ் நிலையத்திலேயே ஓர் ஆட்டோ பேசி, ஏரிக்கரை, வீரநாராயணப் பெருமாள் கோயில், உடையார்குடி மூன்றுக்கும் சேர்த்து ரேட் முடித்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பேசினால் இரண்டு மடங்கு ஆகும்.

பெருமாள் கோயில்தான் மூன்றாம் அத்தியாயத்து ‘விண்ணகரக் கோயில்’. வைணவ ஆசாரியரான நாதமுனிகள் பிறந்த ஊர் இது, அதனால் வைணவர்கள் எப்போதும் வந்துகொண்டிருப்பார்கள். நாவலில் வரும் வீர வைணவன் ஆழ்வார்க்கடியானின் ரசிகர்கள் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள். நின்றுகொள்ளட்டும்.

அங்கிருந்து உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். எனக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் தரப்புச் சொத்துகள் கைமாறியதைப் பதிவு செய்கிறது. அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்கள் வருகின்றன. கதையில் நள்ளிரவில் காட்டுக்குள் கூடிப் பேசுகிறவர்கள் இங்கே நில விற்பனைப் பத்திரத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் தயாராகாமல் போனால் ஒன்றும் புரியாது. எழுத்து பத்தாம் நூற்றாண்டு எழுத்து, நடுவில் கிரந்தமும் கலந்திருக்கும். நம் கண்ணுக்குக் கோடும் வளைவும்தான். முதல் தடவை சுவரையே பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை, அச்சில் வந்த பாடத்தை நூலகத்தில் நகல் எடுத்து, பெயர்கள் வரும் இடத்தைச் சிவப்பில் கோடிட்டுக் கொண்டு போனேன். எனக்குப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. அக்கா மகன் பக்கத்தில் இருந்து, "ர… வி… இது ‘தா’வா சித்தி?" என்று விரலைச் சுவரில் படாமல் நீட்டிக் காட்டினான். படத்தில் ரவிதாசன் வந்தபோதெல்லாம் விசிலடித்த பையன் அவன். அன்றைக்குச் சத்தமே இல்லை.

எந்த இடத்தில் கொன்றார்கள் என்று இந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. கதையில் கொலை நடக்கும் கடம்பூர் மாளிகை கல்கியின் கற்பனை. ஆகவே "இதுதான் கொலை நடந்த அறை" என்று யார் எந்த வீடியோவில் காட்டினாலும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஏரிக்கரையில் இருங்கள். கரைமேல் ரோடு போகிறது. லாரியும் கரும்பு வண்டியும் விடாமல் ஓடும், ஓரமாக நில்லுங்கள். நாவலில் வரும் எழுபத்து நான்கு கணவாய்களை (மதகுகளை) எண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு வரும். முடியாது, விட்டுவிடுங்கள். முதல் அத்தியாயத்தை அங்கேயே வாய்விட்டுப் படியுங்கள், பத்து நிமிஷம்தான் ஆகும். நான் படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன், அக்கா மகன் பிடுங்கிக்கொண்டான். தடுக்கித் தடுக்கிப் படித்தான். அவன் அந்த வரிகளைப் படிப்பது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொறாமையாக இருந்தது.

கடம்பூரை மறுநாள் காலை 8 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலக்கடம்பூர் கோயில் சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவில் இருக்கும். இப்போதுள்ள கற்கோயில் முதல் குலோத்துங்கன் காலத்தது, நாவலுக்குப் பிந்தியது. மாளிகையும் கிடையாது, மதிலும் கிடையாது. "இதுவா கடம்பூர்?" என்று கூட வந்தவர் கேட்பார். வயலைக் காட்டி, இதுதான் என்று சொல்லுங்கள்.

7. இரண்டாம் நாள்: குடந்தையை மையமாக வைத்து

கும்பகோணத்தில் அறை எடுத்து ஒரு நாளைக்குக் கார் பேசிவிடுங்கள். பேசும்போது 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்பார்கள். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா உள்ளேயா வெளியேயா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊர்ப் பெயர்களை எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள். "பொன்னியின் செல்வன் இடம்" என்று பொதுவாகச் சொன்னால் தாராசுரத்தில் கொண்டுபோய் விடுவார்.

பழையாறை பட்டீஸ்வரத்துக்குப் பக்கம். குந்தவையின் மாளிகை, வானதியின் தோழிகள் என்று மனதில் படம் ஓட்டிக்கொண்டு போனால் அடி வாங்குவீர்கள். சோழன் மாளிகை என்று ஓர் ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கிறது, பலகைக்குப் பின்னால் வாழைத் தோட்டம். எனக்குப் பிடித்தது இந்த வட்டாரத்தின் ஊர்ப் பெயர்கள்தான். ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர். கல்கி எழுதிய படைவீடுகள் இன்னும் பஸ் போர்டில் ஓடுகின்றன. கீழப்பழையாறை சோமநாதர் கோயில் குருக்கள் எப்போது வருவார் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஆள் இல்லாமல் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெரும்பாலும் சாவி யாரிடம் என்று தெரிந்திருக்கும்.

திருப்புறம்பியம் சுவாமிமலைப் பக்கம். சாட்சிநாதர் கோயிலைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் தேடுவது அதுவல்ல, கதையில் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் பள்ளிப்படை. அது தனியாக இருக்கிறது. கூகுள் வரைபடத்தை நம்பி வயல் வரப்பில் காரை இறக்காதீர்கள், கோயில் வாசல் பூக்கடையில் கேளுங்கள். மாலை 5 மணிக்குள் போய்விட வேண்டும். அந்தி சாய்ந்தபின் போனால் கதையில் வருகிற மாதிரியே இருக்கும், அதுதான் பயம். பாம்பு உண்டு, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

8. தஞ்சைக்கு அரை நாள் போதும்

மூன்றாவதில் சொன்ன காரணத்தால்தான், இங்கே பெரிதாக நிற்பவை நாவலுக்குப் பிந்தியவை. போகிற வழியில் புள்ளமங்கை, பிறகு வடபத்ரகாளியம்மன் கோயில். தஞ்சையைப் பிடித்த சோழன் விஜயாலயன் வைத்த நிசும்பசூதனி (துர்க்கை) இவள்தான் என்று சொல்கிறார்கள். சாயங்காலம் பெரிய கோயில். போதும்.

9. கோடியக்கரை

செலவும் நேரமும் அதிகம் பிடிப்பது இங்கேதான். கும்பகோணத்திலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பஸ்ஸில் என்றால் நாகப்பட்டினம், வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை என்று மூன்று வண்டி மாற வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை 2023இல் ரயில் வந்துவிட்டது. ஆனால் நேரத்தைப் பார்த்துத்தான் திட்டம் போட முடியும்.

வேதாரண்யத்தில் இறங்கியதும் முதல் வேலை, கோடியக்கரையிலிருந்து திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக்காப்பாளரிடம் கேட்பது. டீக்கடையில் கேட்காதீர்கள். நான் டீக்கடையில் கேட்டதால்தான் மீன் வண்டியில் வந்தேன்.

குழகர் கோயில் அப்படியே இருக்கிறது. சரணாலயத்துக்குள் வனத்துறை சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டிப் போகலாம். வெளிமான்களைப் பார்க்கக் காலை ஆறரை, ஏழு மணிதான் சரி. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீர்கள்.

அடுத்து, கலங்கரை விளக்கம். ரசிகர்கள் போய்ப் படம் எடுத்துப் போடுவது நவீன விளக்கத்தை. சோழர் காலத்துச் செங்கல் விளக்கம் 2004 சுனாமியில் இடிந்து விழுந்தது. மிச்சம் கொஞ்சம் செங்கல் குவியல்தான். அதைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

புதைசேறு கதைக்காகச் சேர்த்தது என்று நினைக்காதீர்கள். ‘சேற்றுப் பள்ளம்’ என்று இரண்டாம் பாகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மழைக்குப் பிறகு அந்த உப்புச் சதுப்பில் காலை வைத்தால் முழங்கால் வரை போகும். அக்கா மகன் சோதித்துப் பார்த்தான். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாவலில் வரும் பௌத்த மடமான சூடாமணி விகாரத்தைத் தேடி நாகப்பட்டினத்தில் இறங்க வேண்டாம். கடைசி மிச்சமும் 1867இல் இடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புச் சிலைகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் முந்தின நாளே போய்ப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

10. செலவுக் கணக்கு

இரண்டு பேர், நான்கு நாள், மூன்று ராத்திரி. எங்களுக்கு ஆனது இது. ரயில் போக வர 900 ரூபாய், படுக்கை வசதி, ஏசி இல்லை. அறை மூன்று ராத்திரிக்கு 4,200. காட்டுமன்னார்கோயில் ஆட்டோ இரண்டு நாளும் சேர்த்து 900. கும்பகோணம் கார் பேட்டாவோடு 2,800. கோடியக்கரை கார் 4,500. சாப்பாடு 2,800. தட்டுக் காசு, சரணாலயம், நகல் எடுத்தது எல்லாம் 600. மொத்தம் 16,700.

குறைக்க வேண்டும் என்றால் கோடியக்கரைக் காரைக் குறையுங்கள், பஸ்ஸில் போனால் நானூறு ஐந்நூறில் முடியும். ஆனால் ஒரு ராத்திரி வேதாரண்யத்தில் தங்க வேண்டியிருக்கும். கும்பகோணம் காரில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் கிராமங்களுக்கு மினி பஸ் பிடித்து மூன்று இடம் பார்ப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள்.

11. இலங்கையைத் தனிப் பயணமாக வையுங்கள்

கோடியக்கரையில் நின்றதும், வந்தியத்தேவன் மாதிரி இலங்கைக்கும் போய்விடலாமே என்று அடுத்த ஆசை வரும், தெரியும். அதற்குப் படகு போதாது, பாஸ்போர்ட் வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கை அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் மின்னணுப் பயண அனுமதி வாங்கி, அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் கட்டணம் வாங்கும் தரகர் தளங்கள் உண்டு, முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, நடுவில் நின்று நின்று ஓடுகிறது. மழைக்காலத்தில் நம்பாதீர்கள். கப்பல் டிக்கெட் உறுதியான பிறகே அனுராதபுரத்தில் அறை போடுங்கள். அங்கே தொல்லியல் தளங்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி, சார்க் நாட்டவர் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

12. திரும்பிய பிறகு

நோட்டின் மூன்றாவது பத்தியை அன்றைக்கு ராத்திரியே திருத்தி எழுதிவிடுங்கள். எந்தக் கோயிலில் யார் கையில் சாவி, எந்த ஆட்டோக்காரர் வழி தெரிந்தவர் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

கூட வந்தவர் படிக்காதவராக இருந்தால் திரும்பும் ரயிலிலேயே புத்தகத்தைக் கேட்பார். கொடுக்காதீர்கள், புதிதாக வாங்கிக் கொடுங்கள். என்னுடைய முதல் இரண்டு பாகங்களும் விழுப்புரம் தாண்டுவதற்குள் கை மாறின. போன வாரம் வந்து மூன்றாம் பாகத்தையும் எடுத்துக்கொண்டு போனான். உடையார்குடி நகல் அதற்குள்தான் மடித்து வைத்திருந்தது.